நாலு பன்னிரண்டு

முப்பத்தாறு டேபிள் ஃபேன்கள்.
சுஃப்ரேன் வீதியில், ஒரு காலத்தில்
சாராயக் கிடங்காய் இருந்த கூடம்.
எதிரே நைலான் நூலில் தொங்குகின்றன
தகரம், ஓட்டுத் துண்டுகள்,
படகுப் பெயரின் பின்பாதி எழுதிய பலகை,
இடது கால் செருப்பு ஒன்று.

என் வேலை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது.
'தொடாதீர்கள்' மூன்று மொழியிலும் வரும்.
பிரெஞ்சில் சொன்னால்
தொட்டுவிட்டுத்தான் சிரிக்கிறார்கள்.

காற்று ஒரு பென் டிரைவில் இருக்கிறது.
கடலூர் முதுநகர்ப் பக்கம்
இறால் பண்ணைக்காரர் ஒருவரிடம்
பிரிசில்லா மேடம் கேட்டு வாங்கியது.
அவர் மொட்டைமாடிக் கம்பத்தில் சுற்றிய கிண்ணங்கள்
அந்த ராத்திரி முழுக்க
நிமிஷத்துக்கு ஒரு எண் எழுதியிருக்கின்றன.
எண் ஏறினால் ஃபேன் ஏறும்.
பதினெட்டு மணி நேரம், இங்கே ஒன்றரை மணியில் முடியும்.
ஒரு நாளைக்கு நான்கு முறை புயல்.
திங்கட்கிழமை இல்லை.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினாலும்
புயலுக்கு விடுமுறை.

சுவர் அட்டையில்
'கிழக்கு-வடகிழக்குத் திசைக் காற்று' என்றிருந்தது.
கொண்டல் என்று போட்டால் போதுமே என்றேன்.
அச்சாகிவிட்டதாம்.

திறப்பு விழாவன்று
தகரம் படபடத்தது, செருப்பு சுழன்றது,
ஒரு அம்மாள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.
ஏறி, இன்னும் ஏறி,
இதோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்த இடத்தில்
முப்பத்தாறும் நின்றுவிட்டன.

'கரண்ட் போச்சா?'
லைட் எரியுதே சார்.
'அப்ப ஃபியூஸ்.'
மின்துறையில் இருந்தவர் போல;
குனிந்து ஒவ்வொரு பிளக்காய்ப் பார்த்தார்.

ஒன்றும் போகவில்லை.
விடிகாலை நாலு பன்னிரண்டுக்கு
யார் வீட்டுக் கொடியிலிருந்தோ
ஒரு உள்பாவாடை பறந்துவந்து
கிண்ணங்களைச் சுற்றிக்கொண்டது.
ஐந்து மணிக்கு அதுவாகவே அவிழ்ந்து போனது.
நடுவில் நாற்பத்தெட்டு நிமிஷம் பூஜ்யம்.
அட்டையில் பாவாடை இல்லை.
'தரவு இடைவெளி' என்றிருக்கிறது.

முன்னேயும் பின்னேயும் பார்த்து
ஒரு கணக்குப் போட்டு நிரப்பிவிடலாம் என்றார்கள்.
மேடம் கேட்கவில்லை.
'அப்புறம் அது நான் ஊதுறதா ஆயிடும்.'

வீராம்பட்டினத்தில் அந்த நாற்பத்தெட்டு நிமிஷமும்
நாங்கள் ஏழு பேர் பாத்ரூமுக்குள் நின்றோம்,
அங்கே மட்டும்தான் மேலே கான்கிரீட் என்பதால்.
எப்படி இருந்தது சத்தம் என்று
மேடம் என்னைக் கேட்டார்.
பலத்த காற்று என்றேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது,
பலத்த என்பது ரேடியோவின் சொல்.
எனக்கு இருப்பது
தாழ்ப்பாளின் துரு, அதில் என் கட்டைவிரல்,
வாளித் தண்ணீரில் ஓயாமல் ஓடிய சின்னச் சுருக்கம்,
கொளுந்தனாரின் முழங்கை என் விலாவில்.
சத்தம் எங்கேயும் இல்லை.
என் கிண்ணத்தையும் ஏதோ சுற்றியிருக்க வேண்டும்.

இங்கே அது நான்கு நிமிடம்.
முதல் நிமிடத்தில் போனை எடுப்பார்கள்.
இரண்டாவதில் என்னைப் பார்ப்பார்கள்.
மூன்றாவதில் பெரும்பாலும் காபி குடிக்கப் போய்விடுவார்கள்.
நூல் முறுக்கு அவிழும்வரை
செருப்பு மட்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்.

நான் ஸ்டூலை விட்டு எழுகிறேன்.
ஃபேன் இறக்கையை வேறு எப்போது துடைப்பது?
கடல் மூன்று தெரு தள்ளித்தான்.
உப்பு பிசுபிசுவென்று ஒட்டுகிறது, துணி கறுக்கிறது.
வேகமாய்த் துடைத்தால் ஏழு.
எட்டாவதில் கை வைக்கும்போது
ஐந்து மணி ஆகிவிடும்,
இறக்கை மெல்ல விரலைத் தள்ளும்.

திரும்பி வருகிற எண் சின்னது.
தகரம் சும்மா ஆடுகிறது.
காபி குடித்துவிட்டு வந்தவர்கள்
'சரி பண்ணிட்டீங்களா?' என்கிறார்கள்.

பண்ணிட்டேன் சார்.

நான்கு ஆட்டத்துக்கு இருபத்தெட்டு.
எட்டு ஃபேன் தினமும் மிச்சம்.