ஒரு மாத்திரை குறைவு

என் பெயர் ஒனோ. குறில்.
சிறுபுலம் என்று பொருள்.
யோனாகோ ஊரில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
இருமலும் மூட்டுவலியும் பார்க்கிறேன்.
அந்தப் பக்கம் கல்லறைக்கல் செதுக்குகிறவர்
ஓனோ. நெடில். பெரும்புலம்.
வாயால் சொல்லும்வரை எங்களுக்குள் வழக்கில்லை.
அவர் பெயருக்கு உதடு
இன்னும் ஒரு மாத்திரை குவிந்து நிற்கும்,
அவ்வளவுதான்.

ரோமன் எழுத்து குறிலும் அறியாது, நெடிலும் அறியாது.

போதாததற்கு, டாக்டருக்கு எங்கள் மொழியில் இஷி.
கல்லுக்கும் இஷி.
இணையத்தில் பெயர் பதிய உட்கார்ந்த அன்று
ஏழு எழுத்து, நடுவே சிறுகோடு, புள்ளி, ஜேபி
என்று தட்டிவிட்டு,
ஜப்பானுக்குள் முகவரி உண்டா என்று கேட்பார்களே,
அஞ்சல் எண்ணோடு சொல்லலாம் என்று காத்திருந்தேன்.
கேட்கவே இல்லை.
ஏற்கெனவே எடுக்கப்பட்டது என்றது திரை.
உரிமையாளர் ஓனோ இவாவோ.
ஆறு வருஷமாக.

பிறகு கான்ஜியில் ஒன்று பதிந்தேன்:
புலம் சிறியது, ஆள் டாக்டர், கல் இல்லை என்று
குழப்பமில்லாமல் சொல்லும் நான்கு எழுத்து.
ஒருவரும் அதைத் தட்டவில்லை.

என் நோயாளிகள் கல்லுக்கே எழுதினார்கள்.
செவ்வாயிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.
மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா?
அவர் அச்செடுத்து, மடித்து, உறையிலிட்டு
காலை ஒன்பதுக்குக் கொண்டுவந்து நீட்டுவார்.
"இரண்டு வரிதான் படித்தேன் டாக்டர்.
பேதி என்று வந்ததும் நிறுத்திவிட்டேன்."
உறையைத் திறந்தால் மேஜையெல்லாம் கல்தூள்.

அவருடைய ஆட்கள் எனக்குப் போன் செய்வார்கள்.
அம்மாவுக்கு எப்போது தயாராகும் என்றது ஒரு குரல்.
ரத்தப் பரிசோதனை என்று நினைத்து
இரண்டு வாரம் என்றேன்.

பிப்ரவரி நான்கு. பனி.
சும்மா தேடிப் பார்த்தேன்:
அவர் பெயர் காலாவதி ஆகியிருந்தது.
பதிவு நிறுவனத்தில் ஷிகெமோரி என்றொருவர்
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
இருபதாம் தேதிவரை பழையவர் மீட்கலாம்.
தவறினால், முதல் தேதி காலை
முந்துகிறவருக்கு.

அலாரம் வைத்தேன்.
ஒளிப்பானேன், இஷி என்றால்
எனக்கும் இரண்டு அர்த்தமும் பொருந்தும்.
பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை.
அத்தனை நாளும் அவர் உறை எதுவும் கொண்டுவரவில்லை;
அதையும் நான் ஏன் என்று கேட்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி வந்தார், வெறுங்கையோடு.
"ஒரு கடிதமும் வரவில்லை டாக்டர்.
ஊரில் எல்லோரும் நலமா?"

ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாமலே
அவரைக் கன்வீனியன்ஸ் ஸ்டோருக்கு இழுத்துப் போனேன்.
இயந்திரம் சீட்டைத் துப்பியது.
கல்லாவில் இருந்த பெண் முத்திரை குத்தினாள்.
அவர் சீட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.
"ஒரு வருஷத்துக்குத்தானா?"
உயிரோடு இருப்பவர் பெயரைக் கல்லில் வெட்டினால்
சிவப்புச் சாயம் பூசிவைப்பது இங்கே வழக்கம்;
போன பிறகு சுரண்டிவிடுவார்கள்.
"அப்படியானால் இது சிவப்பில் இருக்கவேண்டிய பெயர்,"
என்று சீட்டைச் சட்டைப்பையில் செருகினார்.

வாசலில் குடையை உதறும்போதுதான் சொன்னார்,
போன வருஷம் யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு
இரண்டு வாரம் என்று யாரோ வாக்குக் கொடுத்துவிட,
கிரானைட்டோடு
ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்ததை.