சொன்ன பேச்சு கேளாத நட்சத்திரம்

மார்த்தாண்டம் சந்தையில் தொண்ணூறு ரூபாய்.
பிளாஸ்டிக். ஒரு முனை
பஸ்ஸிலேயே நசுங்கிவிட்டது.

குண்டு பல்பைக் கழற்றிவிட்டு
அறுபது விளக்கு நாடாவை உள்ளே ஒட்டினேன்.
ஈயப் புகைக்கு
கேக்குக்கு முந்திரி நறுக்கிய ஜெனிலா
இரண்டு தரம் தும்மினாள்.

இடப்பாதி சிவப்பு என்று எழுதினேன்,
பச்சை எரிந்தது.
வலப்பாதி பச்சை என்றேன்,
சிவப்பு.
நடுவில் நீலம் மட்டும்
சொன்ன பேச்சு கேட்டது.

கொடிமுனை மொட்டைமாடியில்
கடலைப் பார்த்துத் தொங்கவிட்டு,
திருத்த உட்கார்ந்தால் ஃபோன்.
வள்ளத்திலிருந்து அவள் அண்ணன் கிளாட்வின்:

"லேய், இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு.
ஒங்க மாடியில நிக்கது என்ன போட்டு?
நேரா என்னப் பாத்துல்லா வருது!"

மடிக்கணினியை மூடினேன்.
அவன் கரையேறும்வரை
வந்துகொண்டே இருக்கட்டும் வீடு,
நசுங்கிய மூக்கோடு.