நிகர எடை

முப்பத்தொரு வருஷம்
ஆலை வாசலில், எடைமேடைக் கூண்டுக்குள் இருந்தேன்.
கரும்போடு நுழையும் லாரிக்கு ஓர் எண்,
கொட்டிவிட்டுத் திரும்பும் லாரிக்கு ஓர் எண்.
கழித்தால் வருவது கரும்பு.
வேறு கணக்கு எனக்குத் தெரியாது.

லூசியன் கட்டுக்கு அடியில் கல் வைப்பான்.
மழை நாளில் சேற்றோடு ஏற்றிவருவான்.
அவனுடைய பையன் மேடையின் ஓரத்தில்
ஒரு காலை மட்டும் ஊன்றி நிற்பான்,
காற்று வாங்குகிறவன் மாதிரி.
கண்ணாடிக்குள்ளிருந்து விரலை ஆட்டுவேன்: இறங்கு.
இறங்குவான், சிரித்துக்கொண்டே.

இப்போது ரோஸ் பெல் ஆஸ்பத்திரியில்
மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை
நானே லாரி.
செருப்பைக் கழற்றுகிறேன், பெல்ட்டை, கடிகாரத்தை,
பையில் கிடக்கும் சில்லறையை.
மூக்குக்கண்ணாடிக்குக் கை போனபோது
நர்ஸ் ஜோசியான் கேட்டாள்:
"பல்செட் உண்டா மிஸ்யே சூப்பயா?
அதையும் இப்படி வைத்துவிடலாமே."
தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.
போன மாதமும் அதே.

கரும்பு தின்னக் கூலியா என்பார்கள்.
மாதா மாதம் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்.
வட்டி இடுப்பில் ஏறிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் நடக்கச் சொன்னார்.
எங்கே நடப்பது?
வாசலில் இறங்கினால் இடப்பக்கம் கரும்பு,
வலப்பக்கம் கரும்பு,
நேரே போனால் மலை மறித்து நிறுத்தும்வரை கரும்பு.
இந்தத் தீவில் இனிப்புக்குப் பயந்து ஓடுகிறவன்
கடலில் போய் விழுந்தால்தான் உண்டு.

கரும்புப் பாதை முடியும் இடத்தில்
மதாம் லாயின் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் நாப்போலிதேன்:
ரோஜா நிறத்தில் சர்க்கரைச் சட்டை,
உள்ளே இரண்டு பிஸ்கட், நடுவில் ஜாம்.
பார்க்கத்தான் போனேன்.
கேட்காமலே இரண்டைக் காகிதத்தில் சுற்றினாள்.
முப்பது வருஷப் பழக்கம், மறுப்பது மரியாதையா?

காவடிக்கு விரதம் இருந்தேன், பத்து நாள்.
இரண்டு கிலோ இறங்கியது.
அன்று மத்தியானம் கோயிலில் இலை போட்டு ஏழு கறி,
பாயசம் மூன்று முறை.
முருகன் எடுத்ததை
முருகனே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

வீட்டுக் குளியலறையிலும் ஒரு தராசு உண்டு.
ஞாயிறு தொண்ணூற்றிரண்டு.
திங்கள் தொண்ணூற்று மூன்று.
நான் மதாம் லாய் கடைப் பக்கமே போகாத வாரம் அது,
சத்தியமாக.
செவ்வாய்க்கிழமை
முகம் பார்க்கும் கண்ணாடியில் தற்செயலாகக் கண்டேன்:
பின்னால் துண்டோடு நிற்கிறாள் லோகாம்பாள்.
தராசின் ஓரத்தில்
அவளுடைய வலதுகால் பெருவிரல்.

முகத்தில் லூசியன் பையனின் சிரிப்பைத் தேடினேன்.
இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு,
கவனமாக, அளவாக, அழுத்திக்கொண்டிருந்தாள்.

கதவுக்குப் பின்னால் தொங்கும் என் மழைக்கோட்டின் பைக்கு
எறும்புகள் வரிசை கட்டியதை
எப்போதோ பார்த்திருக்க வேண்டும்.
கேட்கவில்லை. எறும்பையும் விரட்டவில்லை.
அவளுடைய அண்ணன் வேலாயுதனிடம்
சர்க்கரை முதலில் வாங்கியது பெருவிரலை.
அதற்கப்புறம் முழங்கால் வரைக்கும்.
அதைப் பற்றியும் அவள் பேசுவதில்லை.

நான் விரலை ஆட்டவில்லை.
இறங்கு என்று சொல்லவில்லை.
"ஐயோ, தொண்ணூற்று மூன்றா!" என்றேன்.
"நான் சொன்னால் கேட்கிறீர்களா" என்று
துண்டை என் தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

ஒரு பெருவிரல் எவ்வளவு அழுத்தும்?
ஒரு கிலோ? ஒன்றரை?
கை தானாகக் கழிக்கப் போகிறது.
முப்பத்தொரு வருஷத்தில் செய்யாத காரியம்:
நாட்காட்டியில் செவ்வாய்க்கு நேரே
மொத்த எடையை அப்படியே எழுதுகிறேன்,
கல்லோடு, சேற்றோடு,
ஊன்றிய காலோடு.

மழை வரும்போல் இருக்கிறது.
கோட்டை எடுத்து உதறுகிறேன்.
பையின் மூலையில் கொஞ்சம் ரோஜா நிறத் தூள்.
விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது,
என்ன செய்ய.