கருப்பில் அச்சிடவும்

விலைப்பட்டியல் வந்தது. ஹுய் லிங்
அதைச் சத்தமாக வாசிக்கவில்லை,
திரையை என் பக்கம் திருப்பினாள்.
பதினெட்டாயிரத்து நானூறு வெள்ளி.
வரி தனி. வந்து பொருத்துவது தனி.
உறையைத் திறந்தால் உத்தரவாதம் போச்சு என்று
அடியில் எறும்பெழுத்தில்.

கடலில் எவ்வளவு பாசி என்றுதான்
கேட்டிருந்தோம் நாங்கள்.

வரைபடம் சிலியிலிருந்து கிடைத்தது.
யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்,
மாற்றியதை மூடி வைக்காதே,
அவ்வளவுதான் நிபந்தனை.
போட்டவள் முகம் தெரியாது,
பெயர் மட்டும் இக்னாசியா.
குறிப்பெல்லாம் ஸ்பானிய மொழி.
ஒரு சொல்லுக்கு மட்டும் மூன்று அடிக்கோடு.
அகராதி பார்த்தோம்: கருப்பு.
எங்களிடம் மிச்சமிருந்த பிளாஸ்டிக் சுருள் ஆரஞ்சு.
நிறத்தில் என்ன இருக்கிறது என்று
ஆரஞ்சிலேயே அச்சடித்தோம்.

சிம் லிம் டவரில்
நீல விளக்குப் பொட்டுகளைக் கடைக்காரர்
எண்ணித் தரவில்லை, அள்ளித் தந்தார்.
மேடை விளக்குக்கு ஒட்டுகிற சிவப்புத் தாள்
மாணவர் நாடகக் குழுவிடம் இரவல்.
சொல்லாமல் எடுத்தது;
கணக்கில் இரவல் என்று எழுதியிருக்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான்:
நீலத்தை ஊட்டினால்
பாசி சிவப்பில் பதில் சொல்லும்.
கேட்கிற காதில்
வேறு வெளிச்சம் விழக் கூடாது.

எங்கள் ஆரஞ்சுப் பெட்டி
குழாய்த் தண்ணீரில் பாசி என்றது.
கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரிலும் பாசி என்றது.
வெறுங்குப்பியை வைத்தோம்,
நிறையப் பாசி என்றது.
ஹுய் லிங் எழுந்து டியூப்லைட்டை அணைத்தாள்.
பாசி செத்துவிட்டது.
மூன்று அடிக்கோடு ஏன் என்று
இருட்டில் புரிந்தது.
மறுநாள் கருப்புச் சுருள் வாங்கினோம்.

லிம் சூ காங் படகுத்துறையிலிருந்து
ரோஸ்லானின் மிதவைப் பண்ணைக்கு இருபது நிமிடம்.
எதிர்க்கரையில் ஜொகூர், கை நீட்டினால் எட்டும்போல.
போன பிப்ரவரியில் ஒரே ராத்திரி
கொடுவா எல்லாம் வயிறு காட்டின.
எத்தனை என்று கேட்டேன்.
எண்ணவில்லை, தொட்டி தொட்டியாக அள்ளினேன் என்றார்.
கருப்புப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்
கேட்டது ஒன்றே:
"கத்துமா?"
கத்தும்படி செய்தோம்.
மொத்தம் எழுபத்தாறு வெள்ளி, ஊதியோடு சேர்த்து.

முதல் வாரமே
அதிகாலை மூன்றுக்குக் கத்தியது.
அவரும் வேலையாட்கள் இருவரும்
பன்னிரண்டு கூண்டுக்கும் தார்ப்பாய் இறக்கி
முதுகொடிந்து, விடிந்து பார்த்தால்
கடல் கண்ணாடி.
மூடி வழியே உப்புநீர் கசிந்திருக்கிறது.

தொலைபேசியில் எனக்கு வாய் வரவில்லை.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
"மூடியை நான் திறக்கலாமா?"
திறக்கலாம் என்றேன். திறக்கத்தானே.

ஞாயிற்றுக்கிழமை போனபோது
சைக்கிள் டியூபை வளையமாக அறுத்து
மூடிக்கடியில் மாட்டியிருந்தார்.
இரண்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்ததாம்.
உள்ளே வைத்த சிகரெட் தாள் நனையவில்லை.

பொய்யாய்க் கத்திய இரவையும்
மணி, நிமிடத்தோடு எழுதி
வரைபடத்தோடு சேர்த்தோம்.
அது எதற்கு, மானம் போகும் என்றார் துறைத்தலைவர்.
ஹுய் லிங் பணிவாகத் தலையாட்டிவிட்டு
அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.
திருத்தம் ஏழு: மூடி வளையம். ரோஸ்லான், சிங்கப்பூர்.

இன்று இக்னாசியாவிடமிருந்து ஒரு வரி.
வணக்கம் இல்லை, நன்றி இல்லை.
டியூப் என்ன அளவு?

பழைய டியூப். எண் அழிந்திருக்கிறது.
வெர்னியரை வைத்து அளக்கிறோம்.
அழுத்துகிற விரலைப் பார்த்து
ரப்பர் ஒவ்வொரு தடவையும் ஓர் அளவு சொல்கிறது.
ஆறு தடவை அளந்தாயிற்று.
ஆறையும் அனுப்புகிறோம்.