மொழிபெயர்ப்பாளரின் மேலதிகக் குறிப்பு

உடன்படிக்கையின் நான்கு பக்கங்களில்
'பரிமாற்றம்' என்ற சொல் பதினொரு தடவை வருகிறது.
எண்ணியது நான்.
ஒப்பமிட்ட அன்று குத்துவிளக்கின் ஐந்தாம் திரி பற்றவில்லை,
மின்விசிறியை நிறுத்த ஒருவர் ஓடினார்,
படம் எடுத்தோம்,
வடை முடிந்தது.

மூன்றாம் நாள் காலை
குருமண்வெளித் துறையில்
பேராசிரியர் ஹொன்மா சப்பாத்தைக் கழற்றிக்
கையில் வைத்துக்கொண்டு நின்றார்.
மண்டூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது பாதை:
ஆறு மோட்டார் சைக்கிள், இரண்டு நெல்மூடை,
யாருடையதென்று தெரியாத ஓர் ஆடு.
எங்களோடு அக்கரைக்குக் காத்திருந்த ஆசிரியைகள்
நேரம் பார்த்தபடியே இருந்தார்கள்.
ஏழரை தாண்டினால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக்கோடு.

இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்.
பாதை.
பாதை என்றால் வீதி அல்லவா?
ஓம், வீதியும்தான்.
தண்ணீருக்கு மேலே என்றால் இது.
ஹொக்கைடோவிலிருந்து கொண்டுவந்த சின்னக் கொப்பியில்
எழுதிக்கொண்டார்.

தரம் ஐந்து. பின்னங்கள்.
கட்டுறுப் பயிற்சியில் இருந்த ஜெயரூபி
ஒரு முழு அச்சுப்பாணோடு வந்திருந்தாள்.
அறை முழுக்கப் பாண் மணம்.
பின்சுவரோடு நாங்கள் நால்வர், மடியில் படிவம்:
குரல், ஐந்துக்கு நாலு.
கரும்பலகைப் பயன்பாடு, ஐந்துக்கு மூன்றரை.
பேராசிரியரோ ஒரு முக்காலியை இழுத்துப்போய்
யன்னலோர வாங்கில் ஒரு பொடியனுக்குப் பக்கத்தில் இருந்தார்.
நாற்பது நிமிடமும்
ஜெயரூபியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நான் பெயிலா மிஸ்?"
இடைவேளையில் அவள் முகம் வேர்த்திருந்தது.
பாணைப் பங்கிட்டோம். மீதி வரவில்லை.

அன்றிரவு என்னிடம் வந்த பக்கம் இது:

*8.52 பாணைப் பார்க்கிறான்.
8.57 இன்னும் பாணைப் பார்க்கிறான்.
9.03 எட்டில் இரண்டும் நாலில் ஒன்றும்
சமன் என்று எழுதுகிறான்.
9.04 பக்கத்துக் கொப்பியைப் பார்க்கிறான்.
9.05 அழிக்கிறான்.
9.06 ஊதுகிறான். தூள் என் முழங்காலில்.
9.20 விளங்கினதா என்று கேட்கிறார் ஆசிரியை.
ஓம் மிஸ் என்கிறார்கள். அவனும்.*

பதினாறு வருடமாகப் படிவம் நிரப்புகிறேன்.
ஒரு சரியான விடை
அழிந்ததைப் போட அதில் கட்டம் இல்லை.
'அழிக்கிறான்' என்ற இடத்தில் பேனா நின்றது.
இந்தக் கரையில் அந்த வினைச்சொல்லைப்
பென்சிலுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்க முடியாது.
அதைப் பேராசிரியருக்குச் சொல்லவில்லை.
வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

ஜெயரூபி இரண்டு தரம் வாசித்தாள்.
"கிதுர்சன் மிஸ்.
அவன்தான் எல்லாரிலும் சத்தமா ஓம் சொன்னவன்."
பிறகு கனநேரம் பேசவில்லை.

ஏழாம் உறுப்புரைப்படி
வருடத்துக்கு இருவர் அங்கிருந்து, இருவர் இங்கிருந்து.
அவர்கள் வந்தார்கள், நுளம்புவலைக்குள் உறங்கினார்கள்,
கணவாய்க் கறிக்குக் கண் கலங்கினார்கள், போனார்கள்.
ஜெயரூபியின் கடவுச்சீட்டு கொழும்பில் கிடக்கிறது.
ஆறு மாத வங்கிமீதி கேட்டார்கள்.
தகப்பனின் தோணிக்கு உறுதி உண்டா என்றார்கள்.
திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம்?
அந்தக் கேள்வியையும் நான்தான் தமிழாக்கினேன்.
அவள் சிரித்தாள்.
"பாதைக்காரனைக் கேக்கச் சொல்லுங்க மிஸ்."

போன புதன்கிழமை
கல்லூரியில் என் விரிவுரைக்கு அவள் வந்தாள்,
கேட்காமலே, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு.
மூன்றாம் வரிசையின் ஓரத்தில் போட்டு
கொப்பியை விரித்தாள்.
கற்போரை மையப்படுத்திய கற்பித்தல் பற்றி
நான் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஒருமுறைகூட அவள் என்னைப் பார்க்கவில்லை.
பக்கத்தில் இருப்பவளின் கையையே பார்க்கிறாள்,
மணிக்கூட்டைப் பார்க்கிறாள்,
எழுதுகிறாள்.

அங்கே எவளோ எதையோ அழிக்கிறாள்.

வாக்கியத்தைப் பாதியில் விட்டு
மேடையை விட்டு இறங்குகிறேன்.