கொக்கி

இரண்டு வாரம் நீ ஃபின்லாந்தில்,
இரண்டு வாரம் இங்கே.
நம் வீட்டுக்கு இதுதான் நாட்காட்டி.

நீ இல்லாத நாட்களில் கிழக்குச் சுவர் என்னுடையது.
பள்ளிப் பேருந்தில் பதினேழு பிள்ளைகளை
இறக்கிவிட்டு வந்து
அதே கையுறையோடு சட்டம் அறுப்பேன்.
ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை
மூச்சைப் பிடித்துக்கொள்வேன்,
பக்கத்தில் யாரோ தூங்குவதைப் போல.

நீ வந்தால் மேற்குச் சுவர்.
கப்பலிலிருந்து இறங்கி, மூன்றரை மணி நேரம் காரோட்டி,
சூப் ஆறுவதற்குள் ஏணியில் நிற்பாய்.
உன் சுவரை நான் தொடுவதில்லை.
என் சுவரில் நீ குறை சொல்வதில்லை.
எஸ்டோனியாவில் காதல் இவ்வளவுதான் என்பார் எல்மர்,
வைக்கோல் கட்டுகளை இறக்கியபடி.
கட்டு ஒன்றுக்கு ஒரு யூரோ. எலிகள் இலவசம்.

கேரவனுக்குள் ஒரு ஹீட்டர், ஒரு கட்டில்.
புரண்டு படுக்க வேண்டுமென்றால்
இருவரும் பேசிவைத்துப் புரள வேண்டும்.
ஆகஸ்டில் மட்டும் நீ புரளவே இல்லை.
பதினான்கு இரவும் இடப்பக்கமாகவே படுத்தாய்.
கப்பல் நாற்காலி சரியில்லை என்றாய்.
நான் தலையணையை மாற்றினேன்.

செப்டம்பர் கடைசியில் உத்தரம் ஏற்றினோம்.
என் சுவரிலிருந்து உன் சுவருக்குப் பன்னிரண்டு மரங்கள்,
எல்மரின் டிராக்டர், அவர் மருமகன், ஒரு கயிறு.
முதல் மரம் பள்ளத்தில் பூனைபோல் உட்கார்ந்தது.
நான்காவது முரண்டு பிடித்தது.
பன்னிரண்டாவது உட்காரவே இல்லை.
என் பள்ளத்துக்கு நேரே உன் பள்ளம் இல்லை.
நாற்பத்து நான்கு மில்லிமீட்டர்.

உனக்கு எப்போதும் அவசரம் என்றேன்.
பஸ் ஓட்டுகிறவளுக்கு மில்லிமீட்டர் எதற்கு என்றாய்.
அதற்கு மேல் சொன்னவற்றை
எல்மர் டிராக்டரை அணைத்திருந்ததால்
எல்லோரும் கேட்டார்கள்.
மருமகன் காளான் பார்க்கப் போய்விட்டான்,
அந்த மேட்டில் காளானே முளைப்பதில்லை.

பிறகு பலகையில் இரண்டு டேப்பையும்
பக்கத்தில் பக்கத்தில் நீட்டினோம்.
என்னுடையது வோரு சந்தையில் வாங்கியது, நாலு யூரோ.
உன்னுடையது கம்பெனி கொடுத்தது,
தூங்கும்போது மட்டும்தான் உன் பெல்ட்டை விட்டு இறங்கும்.
ஒரே மரத்துக்கு இரண்டு நீளம். நாலு மில்லிமீட்டர் வித்தியாசம்.
என்னுடையதுதான் தப்பாக இருக்கும் என்று
நானே நினைத்தேன்.
எல்மரின் மடக்கு அளவுகோல் என் பக்கம் சாட்சி சொன்னது.

உன் டேப்பின் கொக்கி உள்ளே வளைந்திருந்தது.

எப்படி?
கீழே விழுந்தது.
டேப்பா?
நீ டிராக்டரின் சக்கரத்தைப் பார்த்தாய்.
அளக்காதே, ராய்வோ.
டேப்பும்தான், என்றாய்.

எவ்வளவு உயரம்?
இரண்டு மாடியெல்லாம் இல்லை.
ஒன்றரை.

எல்லோர் முன்னாலும் உன் சட்டையைத் தூக்கினேன்.
ஏழு வாரம் ஆகியிருந்தது.
காயம் இல்லை, நீலம் இல்லை, வெறும் விலா.
ஒவ்வொன்றாக எண்ணினேன்.
சரியாகத்தான் இருந்தன.
மறுபடி எண்ணினேன்.

மழை வருகிறது என்றார் எல்மர், வானத்திடம்.
ஆப்பு செதுக்கினோம். சுத்தியலால் அடித்து இறக்கினோம்.
முதல் உத்தரம் நேராகப் போகிறது,
ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் விலகி
பன்னிரண்டாவது கோணலாய் உன் சுவரைப் பிடித்திருக்கிறது.
தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது இருட்டிவிட்டது.
அன்றிரவு நாம் பேசிவைக்காமலே புரண்டோம்,
முழங்கை இடித்தது.

திங்கட்கிழமை உனக்குக் கப்பல்.
என் டேப்பை உன் பையில் போட்டிருக்கிறேன்.
எனக்குச் சந்தையில் இன்னொன்று கிடைக்கும்.
பத்திரம்.
அதன் கொக்கி இன்று எப்படி இருக்கிறது என்று
போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.