சிவப்பு நூல் கணக்கு

குத்துபலாங் முகாமின் தையல் கூடத்தில்
முதலில் தீர்ந்துபோவது எப்போதும் சிவப்புதான்.

உங்கள் வீட்டைத் தையுங்கள் என்றார்கள்.
துணியை மடியில் விரித்த அத்தனை பேரும்
முதலில் கூரை தைத்தார்கள்,
பிறகு கூரைமேல் நெருப்பு.
நீலத்தில் நாஃப் ஆற்றுக்குப் போனது போக மிச்சம் உண்டு.
பச்சை அப்படியே கிடக்கிறது.

நான் கணக்கு எழுதுகிறவள்.
தைக்க வராது, விரல் நடுங்கும்.
திங்கள்தோறும் பெட்டியைத் திறந்து
கண்டுகளை எண்ணிப் பேரேட்டில் ஏற்றுவேன்.

மழை பிடித்துக்கொண்ட வாரம்
ஒரு சிவப்புக் கண்டு குறைந்தது.
மூன்று தடவை எண்ணினேன்.
குறைந்தது குறைந்ததுதான்.

யாரையும் கேட்கவில்லை.
கேட்டால் எல்லாரும் கையை விரிப்பார்கள்,
செனுவாரா மட்டும்
ஊசிக் காதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் தைக்கிற சதுரத்தில் நெருப்பே இல்லை.
ஒரு கோழி. கோழிக்கு முன்னால் தவிடு.
பார்க்க வந்த வெளிநாட்டு அம்மா
இதில் என்ன நடக்கிறது என்று கேட்க,
"கோழி தின்கிறது" என்றாள்.
மொழிபெயர்த்த பையன் சிரிப்பை விழுங்கினான்.

பிறகு பதினேழாம் பிளாக்கில் ஒரு கல்யாணம்.
தார்ப்பாய்க்கு அந்தப்புறம் பெண்கள் மட்டும்.
புர்காக்கள் மூங்கில் கொடிக்கு ஏறியதும்
உள்ளே வெளிச்சமே மாறிவிட்டது.
தாமியின் மடிப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி,
கன்னத்தில் தனகா காய்ந்து வெடிக்க,
சந்தையில் வாங்கிய மினுக்கு ரவிக்கைகளில்
அத்தனை பேர்.

செனுவாரா போட்டிருந்தது பழையது.
அதன் ஐந்து தங்கப் பொத்தான்களும்
ஆறு கடந்த இரவில் படகுக்காரனுக்குப் போயின.
எனக்குத் தெரியும்;
என் மூக்குத்தியும் அதே உள்ளங்கைக்குத்தான் போனது.
பொத்தான் போன பிறகு
துளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
அவள் ஒவ்வொன்றையும் சுற்றி
இதழ் இதழாகச் சிவப்பை ஏற்றியிருந்தாள்.
துளையை மூடவில்லை.
பூவுக்குள் இருக்கிற இருட்டு மாதிரி
நடுவில் அப்படியே விட்டிருந்தாள்.
ஊக்கு உள்பக்கம், யாருக்கும் தெரியாமல்.

நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.
ருமாலை இழுத்து மூடப் போனாள்.
ஒரு வெற்றிலைச் சுருளை நீட்டினேன்.
வாங்கிக்கொள்ள
அவள் கையை எடுக்க வேண்டியிருந்தது.

திங்கள் காலை எழுதினேன்:
சிவப்பு, ஒரு கண்டு. எலி கடித்தது.

மேற்பார்வையாளர் இரண்டு முறை படித்தார்.
"பச்சையை ஏன் தொடவில்லை எலி?"

பச்சை நிறைய இருக்கிறது ஐயா, என்றேன்.